வாசகர் கேள்வி பதில்: அமைதியான நீரில் ஒரு சின்னப் பாய்மரப் படகு

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்க ஆசை. கையிருப்பு 40,000 வெள்ளி. சிங்கப்பூரில் எந்தப் பக்கத்துக் கடல் அமைதியானது? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? – யீஷூன் வாசகர்

பதில்: சாங்கிக்கும் உபின் தீவுக்கும் இடையில் உள்ள நீர்தான் உங்களுக்கு ஏற்றது. தெற்கே பெருங்கப்பல்கள் கிளப்பும் அலை அங்கே எட்டாது. டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் வாடையின் அலையை உபினும் தெக்கோங் தீவும் தாங்கிக்கொள்ளும். மேற்கே ஜொகூர் கடற்பாலம் 1924 முதல் நீரிணையை அடைத்து நிற்கிறது. அதனால் ஓதநீர் (நாள்தோறும் ஏறி வற்றும் கடல்நீர்) கிழக்கு வாயில் வழியாக ஏறி, அதே வழியாகத்தான் வற்ற வேண்டும். அலை அடங்கிய இடம் என்பதற்காக ஓதமும் அடங்கிவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டர் ஏறி இறங்கும். ஒதுக்கமான கடலில் படகைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று அல்ல, இந்த ஓதம்தான்.

26 முதல் 28 அடி வரை போதும். அடிக்கட்டை ஒன்றரை மீட்டருக்குமேல் நீருக்குள் இறங்காத படகாகப் பாருங்கள். விலை 20,000 வெள்ளியைத் தாண்ட வேண்டாம், மீதியை முதல் இரண்டு ஆண்டுப் பழுதுகள் விழுங்கிவிடும். மிதவையில் கட்டுவது மேடைத்துறையில் கட்டுவதைவிட மலிவு. ஆனால் ஒவ்வொரு முறையும் டிங்கி என்னும் குட்டிப் படகில் போய் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முதலிலேயே யோசிப்பது நல்லது.

பார்க்கப் போகும்போது ஒரு சுத்தியலும் பேனாக்கத்தியும் எடுத்துப்போங்கள். சுத்தியலின் மரப்பிடியால் தளத்தைச் சாணுக்குச் சாண் தட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் நல்ல தளம். 'பொத்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே இருக்கும் பலகை ஊறி மக்கியிருக்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் கீழ்முனையில் துருக்கோடு வழிந்திருந்தாலோ, கம்பிகள் போட்டுப் பத்தாண்டுக்குமேல் ஆகியிருந்தாலோ முழுவதையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள். அடுத்து, படகின் அடியில் கடல்நீர் வரும் துளைகளை மூடித் திறக்கும் வால்வுகள். கத்திமுனையால் லேசாகச் சுரண்டினால் பித்தளை மஞ்சளாக மின்ன வேண்டும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துவிட்டது. ஒருநாள் அந்த வால்வு கையோடு ஒடிந்து வரும், படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும். இதைக் கண்டால் விலை பேசுவதற்கு முன் வால்வுகளை மாற்றச் சொல்லுங்கள்.

நம் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மாதம் ஓட்டாமல் விட்டாலே அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பிடித்துவிடும், மற்ற இடத்தைவிட உந்துவிசிறியில் சீக்கிரம். ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிப் பாசித்தடுப்புச் சாயம் பூச வேண்டும். எவ்வளவு சாயம்? நீர்க்கோட்டு நீளம் 7 மீட்டர், அகலம் 2.8, ஆழம் 1.5 என்றால், அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி நீளத்தால் பெருக்கி அதில் முக்கால் பங்கு எடுங்கள். சுமார் 22.5 சதுர மீட்டர் வரும். லிட்டருக்கு 9 சதுர மீட்டர் வீதம் இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர் வாங்கினால் போதும்.

கேள்வி: பாய்மரப் படகுக்கும் உரிமம் வேண்டுமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மோட்டார் பொருத்தியிருந்தால் வேண்டும். கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் படகுக்குத் தனியாக, ஓட்டுபவருக்குத் தனியாக. ஓட்டுநர் தேர்வில் எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. துறைமுகத்துக்குள் நுழையும்போது நம் வட்டாரத்தில் சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துப் படிக்காதீர்கள், அங்கே தலைகீழ்.

கேள்வி: உபினுக்குத் தெற்கே, நீர் வற்றியிருந்த நேரம் 4 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் சங்கிலி விட்டு நங்கூரமிட்டோம். சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் படகு மீன்பண்ணைக்கு அருகில் போய்விட்டது. நங்கூரம் சிறியதா? – பாசிர் ரிஸ் வாசகர்

பதில்: நங்கூரத்தின் மேல் பழி இல்லை, சங்கிலிதான் போதவில்லை. வற்றியபோது 4 மீட்டர், ஏற்றத்துக்கு 3 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் (படகின் மூக்கு) 1 மீட்டர் என மொத்தம் 8. சங்கிலி என்றால் இதைப்போல் ஐந்து மடங்கு, 40 மீட்டர். வடம் என்றால் ஏழு மடங்கு. நீங்கள் இறங்கியபோது நான்கு மடங்கு இருந்தது, நிறை ஓதத்தில் இரண்டரை மடங்காகிவிட்டது. சங்கிலி மேல்நோக்கி இழுக்க, நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

ஏற்றம் சீராகவும் இருக்காது. 3 மீட்டர் ஏற்றத்தில் முதல் மணியில் 25 செ.மீ., இரண்டாவதில் 50, மூன்றிலும் நான்கிலும் 75, 75, பிறகு 50, 25. நீங்கள் தூங்கிய நேரம் இந்த நடு இரண்டு மணியாக இருந்திருக்கும்.

இடும் முறையும் முக்கியம். அணியத்தைக் காற்றுக்கு அல்ல, நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்புங்கள். அங்கே படகு ஓட்டத்துக்குத்தான் கட்டுப்படும். படகு நின்றபின் நங்கூரத்தை இறக்குங்கள், எறியாதீர்கள். பின்னால் நகர நகரச் சங்கிலியைக் கொட்டாமல் நீட்டி விடுங்கள். முழுவதும் போனபின் பத்து நிமிடம் சும்மா இருங்கள், சேற்றில் நங்கூரம் அமிழ நேரம் வேண்டும். பிறகு மோட்டாரைப் பின்னோக்கி மெல்லக் கூட்டி, சங்கிலிமேல் உள்ளங்கையை வையுங்கள். கற்சாலையில் வண்டி ஓடுவதுபோல் குறுகுறுவென்று அதிர்ந்தால் நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது. விறைத்து அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மரமும் பின்னால் ஒரு கம்பமும் போதும். அவை விலகினால் படகு நகர்கிறது. ஓதம் திரும்பும்போது படகும் வட்டமடிக்கும் என்பதால், அந்தக் கால்மணி நேரம் தளத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் 'சுமத்ரா' சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து அடிக்கும். உபின் கால்வாயும் ஏறக்குறைய கிழக்குமேற்காகக் கிடப்பதால் தடுப்பே இல்லை. மேற்கே கறுப்புச் சுருள்மேகம் தெரிந்த உடனே இன்னும் 10 மீட்டர் விடுங்கள். மீன்பண்ணைப் பக்கம் நங்கூரமிடவே வேண்டாம். உபினுக்கு வடக்கே ஜொகூர் நீரிணையின் நடுவே நாட்டெல்லையும் ஓடுகிறது, இழுபட்டுப் போனாலும் அது எல்லை தாண்டல்தான்.

கேள்வி: படகிலேயே குடியிருக்க முடியுமா? செலவு குறைந்த இடம் எது? – புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: சிங்கப்பூரில் ஒவ்வொரு படகுத்துறைக்கும் தனி விதி. அனுமதியை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். குறைந்த செலவில் நீண்டகாலம் வாழ நினைப்பவர்கள் மலேசியாவின் லங்காவி போகிறார்கள். 1987 முதல் தீர்வையற்ற தீவு. 99 தீவுகளின் மறைவு. குவா, ரெபாக், தெலாகா என மூன்று இடங்களில் படகுத்துறை. ஏறத்தாழ 400 கடல்மைல், 5 நாட் (மணிக்கு 5 கடல்மைல்) வேகத்தில் 80 மணி நேர ஓட்டம். பகலில் மட்டும் ஓடி, இடையிடையே கரையோரம் நங்கூரமிட்டு, போர்ட் டிக்சன், பங்கோர், பினாங்கு வழியாகப் போங்கள். மலாக்கா நீரிணையில் இரவில் விளக்கில்லாத மீன்வலைகளும் மிதக்கும் மரக்கட்டைகளும் அதிகம். புறப்படும்போது இங்கே துறைமுக அனுமதியும் குடிநுழைவு முத்திரையும், அங்கே போய்ச் சேர்ந்ததும் துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றும் கட்டாயம்.

படகு வாழ்க்கையில் பெரும் சுமை வெக்கைதான். தளம் முழுவதும் மறைக்கும் துணிப்பந்தல் முதல் தேவை, அதன் பிறகுதான் மின்விசிறி. 200 வாட் சூரியத்தகடு நாளுக்கு 60 ஆம்பியர்-மணி தரும். சிறு குளிர்பெட்டியே அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், ஆகவே இரண்டு தகடு போடுங்கள்.

கேள்வி: 9 வயது மகனுக்குப் பாய்மரம் கற்றுத்தர வேண்டும். கிளப் உறுப்பினராகும் வசதியில்லை. – தெம்பனிஸ் வாசகி

பதில்: மக்கள் கழகத்தின் நீர்விளையாட்டு நிலையங்களில் கேளுங்கள். ஈஸ்ட் கோஸ்டில் தேசியப் பாய்மர நிலையமும் இருக்கிறது. 'ஆப்டிமிஸ்ட்' என்னும் 2.3 மீட்டர் படகுதான் அந்த வயதுக்கு. நீச்சலைப் பயிற்சிக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மோட்டார் 20 நிமிடம் ஓடியதும் சூடு எச்சரிக்கை ஒலிக்கிறது. – செம்பவாங் வாசகர்

பதில்: உடனே அணையுங்கள். மோட்டாரைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் உறிஞ்சுவாயில் ஒட்டிய பிளாஸ்டிக் பை பல சமயம் தானே விழுந்துவிடும். மறுபடி இயக்கிப் புகைக்குழாயில் நீர் வழக்கம்போல் துப்புகிறதா பாருங்கள். துப்பவில்லை என்றால் அணைத்துவிட்டு, வால்வை மூடி வடிகட்டியைக் கழுவுங்கள். வால்வைத் திறந்ததும் குழாயில் நீர் வேகமாக வராவிட்டால் உள்ளே சிப்பி வளர்ந்திருக்கிறது. நீர் வந்தும் சூடேறினால் பம்பின் மூடியைக் கழற்றி ரப்பர்ச் சக்கரத்தைப் பாருங்கள். ஓர் இதழ் ஒடிந்திருந்தாலும் மாற்றுங்கள், ஒடிந்த துண்டையும் தேடி எடுங்கள். அது நீரோடு போய்க் குளிர்விப்பானின் வாயில் சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் புதுச் சக்கரம் போட்டால் அடுத்த வாரம் இதே எச்சரிக்கை மறுபடி ஒலிக்கும்.