வறட்சிக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்: கேள்வி பதில்

மழை தொடர்ந்து பொய்த்துவிட்டது. பிள்ளைகளின் நிலைமை மோசமாவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? (ஆசிரியை)

வருகைப் பதிவேட்டை வைத்துத்தான், டீச்சர். கிணறு வற்றினால் ஊருக்கே தெரியும். ஒரு வீட்டில் அடுப்பு எரியாதது வெளியே தெரியாது. மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பெயர், எந்தக் கிழமை என்று பாருங்கள். லாரித் தண்ணீர் வரும் நாளில் மட்டும் வராத பெண் பிள்ளை பெரும்பாலும் குடத்தோடு வரிசையில் நிற்பாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போகும் பையன் மாட்டுக்குத் தீவனம் தேடிப் போயிருக்கலாம். அண்ணனும் தங்கையும் சேர்ந்தாற்போல் வராமல் போனால் அன்று மாலையே வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். குடும்பம் பிழைப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் யோசனையில் இருக்கலாம். இதையெல்லாம் வாராவாரம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உதவி கேட்டுப் போகும்போது, "எங்கள் ஊரில் வறட்சி" என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

பள்ளிக்கு எவ்வளவு தண்ணீர் இருந்தால் சமாளிக்கலாம்? (தலைமையாசிரியர்)

பேரிடர் உதவிக்கான ஸ்பியர் கையேட்டின் கணக்குப்படி, குடிக்கவும் கை கழுவவும் ஒரு மாணவருக்கு நாளைக்கு 3 லிட்டர். 120 பிள்ளைகள் என்றால் 360 லிட்டர். கழிப்பறைக்கும் சமையலுக்கும் தனி. தண்ணீர் இல்லையென்று கழிப்பறையை மட்டும் பூட்டிவிடாதீர்கள். பூட்டினால் முதலில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் பெரிய வகுப்புப் பெண்கள்தான். கை கழுவும் தண்ணீரைக் குறைப்பதும் ஆபத்து. சத்துக் குறைந்த உடம்பு வயிற்றுப்போக்கைத் தாங்காது.

ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தினோம். கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா?

கிருமிக்குப் போதும். ஆழத்துப் பாறையிலிருந்து தண்ணீரில் கலந்து, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடுக்குப் போதாது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைந்து அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பரிசோதிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். நோட்டு, பை வாங்கித் தரலாமா?

உங்கள் மனசு பெரியது. ஆனால் இப்போது சாப்பாடுதான் முதல் தேவை, அதுவும் விடுமுறை நாட்களில். பள்ளிச் சாப்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு நீண்ட விடுமுறை பட்டினிக் காலம். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் தானியமும் கொடுங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு இப்படி உணவுப்பொருள் கொடுக்கும் முறையை ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பல நாடுகளில் கையாண்டிருக்கிறது. அப்படிக் கொடுத்தால், பெண் பிள்ளையைப் படிப்பைவிட்டு நிறுத்த வீட்டார் தயங்குவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் 2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைப் பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. அங்கே குழந்தைத் திருமணம் கூடிவருவதாக 2022-இல் யுனிசெஃப் எச்சரித்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குடும்பத்தோடு வெளியூர் போகும் பிள்ளையின் பெயரை நீக்கிவிடலாமா?

தயவுசெய்து உடனே நீக்காதீர்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம்வரை படித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். போகிற ஊரில் சேர அது உதவும். பாட்டி, சித்தி என்று ஊரிலேயே யாராவது வைத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் தூங்குகிறார்கள், சார்.

பசிதான். திட்ட வேண்டாம். கடினமான பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள். வெயிலில் ஓடவிடாதீர்கள்.

மழை வந்ததும் உதவியை நிறுத்திவிடலாம் அல்லவா?

கூடாது. முதல் மழைக்கும் அறுவடைக்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன. விதைக்கும் கூலிக்கும் கையிருப்பைச் செலவழித்துவிட்டு, வீட்டில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் காலம் அது. அறுவடை வீடு வந்து சேரும்வரை சாப்பாடு தொடரட்டும். அப்புறம், மழைக்கு முன்பே பள்ளிக் கூரைக்குத் தகரக் கால்வாயும் தொட்டியும் வைத்துவிடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். சேதாரம் போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.