டைப் 1 பிள்ளைகளின் பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு நடத்துவது பற்றி: கேள்வி பதில்

வணக்கம். என் மகளுக்கு 2013-ல், 6 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. இப்போது காலேஜ் போகிறாள். அப்போது ஆஸ்பத்திரி வார்டில் பழக்கமான நாலு அம்மாக்களோடு ஆரம்பித்த குழுவில் இன்றைக்கு 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் அடிக்கடி போன் செய்து கேட்பதால், ஒரே நாளில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன் இல்லை. குழு நடத்துவதைப் பற்றிக் கேளுங்கள். இன்சுலின் டோஸ் மட்டும் கேட்காதீர்கள், இதை இன்றைக்கு எத்தனை முறை சொல்லப்போகிறேனோ.

ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா: 30 பேர் சேர்ந்து குழு தொடங்குகிறோம். உங்கள் விதிமுறைகளை அனுப்ப முடியுமா அக்கா?

அனுப்பினால் மூன்று வரிதான் வரும். முதலில் 22 விதி வைத்திருந்தோம், யாரும் படிக்கவில்லை, நானே பாதியை மறந்துவிட்டேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்: சுகர் எண் என்பது பரீட்சை மார்க் இல்லை. டோஸ் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

முதல் வரி எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்து ஒரு அம்மா பையனுக்கு 310 என்று போட்டார். உடனே ஒருவர் "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த அம்மா போட்டதெல்லாம் 112, 126, 118. நாங்களும் கைதட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதார். அத்தனையும் மனதுக்குத் தோன்றிய எண்கள். பையன் உண்மையில் 300-லேயே இருந்திருக்கிறான். திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் யார் உண்மையைச் சொல்வார்கள்? அவர் பொய் சொன்னார் என்பதைவிட, அப்படிச் சொல்ல வைத்தது நாங்கள்தான் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அதோடு அந்தக் கேள்வியே தப்பு. சாப்பாட்டால் மட்டும் சுகர் ஏறுவதில்லை. காய்ச்சல் வந்தால் ஏறும், வளரும் வயதில் விடியற்காலையில் ஏறும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக்கு முன்னால் ஏறலாம், ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துவிட்டாலும் ஏறும், பஸ்ஸில் வெயில் பட்டு இன்சுலின் கெட்டிருந்தாலும் ஏறும். தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

விதியை எழுதியதால் எதுவும் மாறவில்லை. முதல் பதிலை மாற்றினோம், அப்போதுதான் மாறியது. பழைய உறுப்பினர்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர் எது எழுதினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஆறு பேரில் ஒருவர் "எங்கள் வீட்டிலும் 400 பார்த்திருக்கிறோம், ஊசி போட்ட இடத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள்" என்கிற மாதிரி எழுதிவிடுவார். முதல் பதில் அப்படி விழுந்துவிட்டால் அடுத்த பத்துப் பேரும் அதே தொனியில்தான் எழுதுகிறார்கள். முதல் பதில் குத்தலாக இருந்தால் மற்ற பத்தும் குத்தல்தான். 30 பேர் இருக்கும்போதே இதைப் பழக்கிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: அனுபவமுள்ள பெற்றோர் டோஸ் சொன்னால் என்ன தப்பு? டாக்டரைப் பார்க்கவே மூன்று வாரம் ஆகிறது.

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் கூடாது. காரணம் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். 40 இன்சுலினை ஆரஞ்சு மூடியில் 10 கோடு இழுத்தால் போவது வெறும் 4. குழுவில் ஒருவர் "நான் 10 போடுவேன்" என்று எழுதும்போது எந்த பாட்டில், எந்த சிரிஞ்ச், எத்தனை கிலோ பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. படிக்கிறவர் வீட்டில் இருப்பது வேறாக இருக்கும்.

சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. சுகர் 70-க்குக் கீழே போய், பிள்ளை விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. இதைக் குழுவின் மேலேயே பின் செய்து வையுங்கள். மூன்று வாரம் காத்திருக்கிறவரிடம், டாக்டருக்கு எந்த நாட்களின் எண்களை எப்படி எழுதி அனுப்புவது என்று சொல்லிக்கொடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒருவர் குழுவில் சேர்ந்து, கஷாயம் குடித்தால் இன்சுலினையே நிறுத்தலாம் என்று தனித்தனியாக மெசேஜ் அனுப்புகிறார். விவாதம் நடத்தி எல்லோருக்கும் புரிய வைக்கலாமா?

விவாதமா? அதே நிமிடம் நீக்குங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. டைப் 1 பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போயிருக்கும், ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். 1922-ல் முதல் நோயாளிக்கு இன்சுலின் போடுவதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் அதிக நாள் வாழவில்லை.

ஆனால் விற்கிறவரை நீக்குங்கள், "கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்கிற தாயை நீக்கிவிடாதீர்கள். அவரைக் கிண்டலும் செய்யாதீர்கள். கேட்கிறவரைக் கேலி செய்தால் அடுத்தவர் கேட்காமலேயே கொடுத்துப் பார்ப்பார்.

திருச்சியிலிருந்து: மூலிகைப் பொடி பற்றி உங்கள் கருத்து?

மேலே.

சேலத்திலிருந்து: குட் மார்னிங் படங்களை எப்படி நிறுத்துவது?

அதற்கென்று தனிக் குழு திறந்தோம். நான் அதில் இல்லை.

கோவையிலிருந்து ஒரு அப்பா: எங்கள் குழுவில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7-க்குக் கீழே வந்த பிள்ளைகளின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டு, முதல் மூன்று பேருக்குப் பரிசும் கொடுக்கிறோம். ஊக்கம் வேண்டாமா? "எண் மார்க் இல்லை" என்பது சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு.

சார், பட்டியலில் வராத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடைய அம்மாக்கள் கடைசியாக எப்போது குழுவில் எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

அதே அப்பா: பார்த்தேன். சிலர் அமைதியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் என் மகள் பட்டியலில் வர வேண்டும் என்று அவளாகவே ஐந்து வேளை சோதனை செய்கிறாள். இதில் என்ன கெடுதல்?

உங்கள் மகளுக்கு இப்போதைக்குக் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பட்டியலில் முதலில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைத் தோலில் ஒட்டியிருக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும். இரண்டு வாரத்துக்கு ஒரு சென்சாருக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. மீட்டரில் வைக்கும் ஸ்ட்ரிப்பை எண்ணி எண்ணி ஒரு நாளைக்கு இரண்டே குத்து குத்துகிற வீடும் உங்கள் குழுவில் இருக்கும். நீங்கள் பரிசு கொடுப்பது உழைப்புக்கா, பர்ஸுக்கா?

சென்னையிலிருந்து, 20 வயது, டைப் 1: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அக்கா. நான் அந்தப் பட்டியல் பிள்ளைதான். எட்டாம் வகுப்பில் மீட்டரில் தங்கச்சியின் விரலைக் குத்திக் காட்டுவேன். மீட்டருக்குள் நல்ல எண்கள், ரத்தப் பரிசோதனையில் 10.4. அப்பா மீட்டர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினார்.

தம்பி, உன் தங்கச்சிக்குத்தான் முதலில் பரிசு கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: நான் கோவை சார் பக்கம். எங்களுக்கு 9.8 இருந்தது. பட்டியலைப் பார்த்துத்தான் எனக்கே இறங்க முடியும் என்று நம்பிக்கை வந்தது. எல்லோரையும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துகிறீர்கள்.

இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆறுதல் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்து, 11-ல் இருக்கிற பிள்ளையை அப்படியே விட்டுவிட்ட காலம் எங்கள் குழுவிலும் உண்டு. ஒருவர் "இத்தனை நாள் எல்லோரும் பரவாயில்லை பரவாயில்லை என்றீர்களே, யாராவது டாக்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு செய்த ஏற்பாடு இது. மாதத்தில் ஒரு நாள், இறக்கியவர்கள் விருப்பப்பட்டால் எப்படி இறக்கினோம் என்று எழுதலாம். எண்ணை எழுதக் கூடாது, செய்ததை எழுதலாம். ஊசி போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தோம், இட்லியை எண்ணாமல் எடை பார்த்தோம், பாட்டி ரகசியமாகக் கொடுக்கும் பிஸ்கட்டைப் பாட்டியையே கணக்கு எழுத வைத்தோம், இந்த மாதிரி. (ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பார்த்தீர்களா, இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தது இன்னொரு தாயின் கதை என்றுதான் நினைக்கிறேன். பட்டியல் இல்லாமலும் அது கிடைக்கும்.

கோவை அப்பா: பரிசை நிறுத்துகிறேன். பட்டியலை நிறுத்த மாட்டேன்.

உங்கள் குழு சார், உங்கள் இஷ்டம். பட்டியலில் இல்லாத ஐந்து வீட்டுக்கு இந்த வாரம் போன் மட்டும் செய்யுங்கள், செய்தியாக அனுப்ப வேண்டாம்.

திண்டுக்கல்லிலிருந்து: யாராவது தப்பான செய்தி போட்டால் அட்மின் மேல் கேஸ் வருமா?

அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் அடுத்தவர் போட்ட செய்திக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும் கேரள உயர்நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. அதற்கு மேல் வக்கீலிடம் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: ஒரு நிறுவனம் இலவசமாக ஸ்ட்ரிப் தருகிறேன் என்கிறது. உறுப்பினர்களின் போன் நம்பர் பட்டியல் மட்டும் கேட்கிறார்கள்.

"மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது. கொடுக்காதீர்கள். எங்களுக்கும் வந்தது, நாங்களும் ஆசைப்பட்டோம், கஷ்டப்படுகிற வீடுகள் இருக்கின்றன அல்லவா. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, வெளியார் பணம் வாங்குவதில்லை என்று மரபாகவே வைத்திருக்கிறது. நாங்கள் அவ்வளவு கறார் இல்லை. ஸ்ட்ரிப்பை ஆஸ்பத்திரிக்கோ அறக்கட்டளைக்கோ கொடுங்கள், தேவையுள்ளவர்களை நாங்கள் அங்கே அனுப்புகிறோம் என்று சொன்னோம். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து போனே வரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து: பெண் பிள்ளை வைத்திருக்கிறோம். குழுவில் பேசுவது வெளியே போய்விடுமோ என்று பயம்.

பயம் நியாயமானது. எங்கள் குழுவிலிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் போய், பேசி முடித்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. மறைத்துக் கல்யாணம் செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி, அது வேறு. ஆனால் எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பது அந்தப் பெண்ணின் உரிமை. அதை யாரோ ஒருவர் விரல் நுனியில் எடுத்துக்கொண்டார். நீக்கினோம், மன்னிப்புக் கேட்டார், திரும்பச் சேர்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பிள்ளையின் முகம், பள்ளிப் பெயர், ரிப்போர்ட்டில் இருக்கும் பெயர் எதுவும் போடாதீர்கள். அவளுக்குப் பதினைந்து வயது ஆனதும் "உன்னைப் பற்றி இதை எழுதலாமா?" என்று அவளையே கேளுங்கள். என் மகள் இரண்டு முறை வேண்டாம் என்றாள், எழுதவில்லை.

கரூரிலிருந்து: 7 வயதுக்கு, காலையில் எத்தனை யூனிட்?

முதல் பத்தி, மதுரைக்குச் சொன்ன பதில். இரண்டையும் படியுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: ஒரு அம்மா நடு ராத்திரி "என்னால் முடியவில்லை, எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதினார். நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டோம். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

கைகூப்பும் படத்தை நிறுத்துங்கள். ஒருவர் உடனே போன் செய்ய வேண்டும். எடுக்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்காகவே சேரும்போது ஒவ்வொருவரிடமும் அவசரத்துக்கு ஒரு நெருங்கிய உறவின் எண்ணை வாங்கி, இரண்டு அட்மின் மட்டும் வைத்திருக்கிறோம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. நான்கு வருடமாக ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பிள்ளையின் விரலைக் குத்துகிற தாய்க்கு, சில சமயம் ஒரு ராத்திரித் தூக்கம்தான் முதல் தேவை. அந்த ஊரிலேயே இருக்கிற இன்னொரு தாய் ஒரு ராத்திரி போய்த் தங்கியதும் எங்கள் குழுவில் நடந்திருக்கிறது.

அவர் இப்போது எப்படி இருக்கிறார்? எனக்குத் தனியாக எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: 10 வயதுப் பையன், இப்போது 340, காலையிலிருந்து வாந்தி. எத்தனை யூனிட் கூடப் போடலாம்?

யூனிட் கேள்வியை விடுங்கள். வாந்தி என்றால் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள். டைப் 1 என்று போனதும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி இல்லை என்றால் 108. இன்சுலின், சிரிஞ்ச், நோட்டு மூன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் நம்பர் உங்களிடம் இருக்கிறது, வண்டியில் ஏறியதும் கூப்பிடுங்கள்.

மற்றவர்கள் மன்னிக்கவும், மீதிக் கேள்விகள் அடுத்த ஞாயிறு. நான் போனை எடுக்க வேண்டும்.