வீடு விற்கும்போது தரகர் கேட்கும் 2 சதவீத கமிஷனைக் குறைக்கச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சத்துவாச்சாரியில் அம்மா பெயரில் உள்ள வீட்டை 70 லட்சத்துக்கு விற்க நினைக்கிறீர்கள், தரகர் 2 சதவீதம் கேட்கிறார், "ஊர் ரேட்டே அதான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இன்னும் யாரையும் வீடு பார்க்கக் கூட்டி வரவில்லை என்றால் இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு கமிஷன் பேச்சை எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஊர் ரேட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், பதிவான புதுத் திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தரும் முகவர்கள் தாங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. நீங்கள் குடியிருந்த வீட்டை விற்பதற்கு இத்தனை சதவீதம் என்று அது எங்கும் சொல்லவில்லை. வேலூர், காட்பாடி பக்கம் நான் பார்த்தவரை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரை வாங்குகிறார்கள். அதுவும் ஒரு பக்கத்துக்கு. வாங்குபவரும் தனியாகக் கொடுப்பார். இரண்டு பக்கமும் 2 சதவீதம் என்றால் உங்கள் வீட்டில் தரகு மட்டும் 2,80,000 ரூபாய்.

நாங்கள் 2021-ல் விருதம்பட்டு வீட்டை விற்றோம். அப்பா காட்பாடி ஜங்ஷனில் வேலை பார்த்தபோது கட்டிய வீடு. அவர் போன பிறகு அம்மா என்னோடு பெங்களூர் வந்துவிட்டார், தங்கை சித்தூரில் இருக்கிறாள். பூட்டிய வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் விற்க முடிவு செய்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி முதலில் ஒரு தரகர் வந்தார். ரப்பர் பேண்ட் போட்ட டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, அறை அறையாகப் பார்த்தார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். தெருவுக்கு இறங்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காலடி வைத்து அளந்து, "இருபதடி ரோடு" என்று டைரியில் குறித்துக்கொண்டார். விவரமான ஆள்தான். அப்புறம் அம்மாவிடம் கேட்டார்: "கையில உங்களுக்கு எவ்ளோ நிக்கணும்மா? அத மட்டும் சொல்லுங்க. எனக்குக் கமிஷனே வேணாம். மேல எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. பேரமும் இல்லை, கமிஷனும் இல்லை. நானும் தலையாட்டியிருப்பேன், குடியாத்தத்தில் சித்தப்பாவுக்கு நடந்தது தெரியாமல் இருந்திருந்தால்.

சித்தப்பா ஒரு மனையை இப்படித்தான் "கையில 18 லட்சம் வந்தா போதும்" என்று சொல்லி விற்றார். பத்திரம் முடிந்ததும் எல்லோரும் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். வாங்கியவரின் மச்சான் பேச்சுவாக்கில், "21 சொன்னாங்க, இருபதரைக்கு முடிச்சோம்" என்றார். இரண்டரை லட்சம். விற்ற விலையில் 12 சதவீதத்துக்கு மேல். சித்தப்பா கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். "துட்டு போனது கூட இல்லடா, பக்கத்துலயே உக்காந்துக்னு சிரிச்சிக்னு இருந்தான்" என்று பிறகு என்னிடம் சொன்னார். தரகர் செய்தது ஏமாற்று என்றுகூடச் சொல்ல முடியாது. சித்தப்பாதான் சரி என்று சொல்லியிருந்தார். அதனால் உங்களிடம் யாராவது "கையில எவ்ளோ வேணும்" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். விற்கும் விலை உங்களுக்கும் வாங்குபவருக்கும் நேருக்கு நேர் தெரிய வேண்டும், கமிஷன் தனியாகத் தெரிய வேண்டும். 2 சதவீதம் கொடுத்தாலும் அதுதான் உங்களுக்கு லாபம்.

இரண்டாவதாக வந்தவர் காட்பாடிக்காரர். அவரும் 2-தான் கேட்டார். நான் சொன்னது இதுதான்: "அண்ணா, 1 பர்சென்ட் தரேன். ஆனா மூணு மாசத்துக்கு உங்களத் தவிர யார்கிட்டயும் சாவி தரமாட்டேன்."

இது ஏன் எடுபடும் என்று விளக்கியாக வேண்டும். நம் ஊரில் வீடு விற்கிறவர்கள் ஐந்தாறு தரகர்களிடம் சொல்லி வைப்போம். அவர்கள் ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். கடைசியில் ஆள் கூட்டி வருபவருக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். நீங்கள் கொடுக்கும் 2 சதவீதம் இத்தனை பேருக்குப் பிரியும். யாருக்கும் முழுதாகக் கிடைக்காது என்பதால் யாரும் முழுதாக உழைக்கவும் மாட்டார்கள். போதாக்குறைக்கு நாலு பேர் நாலு விலை சொல்ல, "அது ரொம்ப நாளா சுத்தற வீடாச்சே" என்று பெயரும் வந்துவிடும். உழைக்கிற ஒரு தரகருக்கு, பங்கில்லாத 1 சதவீதம் பங்குபோட்ட 2 சதவீதத்தைவிட மேல்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பேப்பரெல்லாம் இன்னா கண்டிஷன்ல இருக்குது?" என்று கேட்டார். வாரிசுச் சான்றிதழ், எங்கள் பெயருக்கு மாற்றிய பட்டா, தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். தரகர்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆள் கிடைத்து, விலை படிந்து, பேப்பர் சரியில்லாமல் ஆறு மாத உழைப்பு வீணாவது. ஃபைல் சுத்தமாக இருந்தால் நீங்கள் குறைத்துக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், பட்டாவையும் ஆன்லைனில் எடுக்கலாம். உங்களுடையது ஹவுசிங் போர்டு வீடாக இருந்தால், வாரியம் எழுதிக் கொடுத்த கிரையப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு கமிஷன் பேரத்தில் இறங்காதீர்கள். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் இருப்பதால் ஆள் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை என்பதையும் உங்கள் தரகரிடம் சொல்லலாம்.

பேசியதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டோம். பத்திரத்தன்று பணம் எங்கள் கணக்குக்கு வந்த பிறகுதான் கமிஷன், அக்ரிமென்ட் அன்று எதுவும் இல்லை. மாடியில் குடியிருந்தவரோ எங்கள் சொந்தக்காரரோ வாங்கினால் கமிஷன் கிடையாது என்று அவர்கள் பெயரையே எழுதினோம். அவர் ஒன்று சேர்க்கச் சொன்னார்: அவர் காட்டிய ஆள் ஆறு மாதத்துக்குள் நேராக எங்களிடம் வந்து வாங்கினாலும் கமிஷன் உண்டு. நியாயமான கோரிக்கை. அப்படியே ஒருவர் வரவும் வந்தார். "புரோக்கர விட்டுடலாம் சார், அந்தத் தொகையை ஆளுக்குப் பாதியா கொறச்சிக்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வெயிலில் அலைந்தவன் காசில் நமக்கு ஏன் பங்கு?

வேலை எவ்வளவு என்பதைப் பிறகுதான் பார்த்தேன். வாங்கியவர் கம்மவான்பேட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவக்காரர். அவருடைய பாங்க் வக்கீல் பழைய பத்திரம் ஒன்றின் நகலைக் கேட்டார். நான் பெங்களூரில் இருக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் மே மாத வெயிலில் மனுப் போட்டு வாங்கி வந்தது தரகர்தான்.

ஒரு கணக்கை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 68 லட்சம் சொன்னோம், வாங்கியவர் 61-க்குக் கேட்டார். தரகர் போன் செய்து, "முடிச்சிடலாம் சார், நல்ல பார்ட்டி" என்றார். கடைசியில் 64-க்கு முடிந்தது. அந்த 3 லட்சம் எங்களுக்குப் பெரிய பணம். 1 சதவீதம் வாங்கும் தரகருக்கோ வெறும் 3,000. அந்த 3,000-க்காக அவர் கிடைத்த ஆளை விட மாட்டார், நம்மைத்தான் இறங்கச் சொல்வார். அவர் மேல் தப்பில்லை, சதவீதக் கணக்கு அப்படி. அதனால் இப்போது விற்பதாக இருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். 68 வரை 1 சதவீதம், 68-க்கு மேல் போகும் ஒவ்வொரு லட்சத்திலும் அவருக்கு 10,000 என்று. அப்போது விலை ஏறுவதில் அவருக்கும் அக்கறை வரும், எல்லாம் வெளிப்படையாகவும் இருக்கும்.

25, 30 லட்ச வீடு என்றால் நான் 2 சதவீதத்தையே கொடுத்திருப்பேன். அலைச்சல் அதே அலைச்சல்தான். அலுவலகம் வைத்து நடத்துபவர் என்றால் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியா, உள்ளடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பண விஷயத்தில் கறாராக இருங்கள். அட்வான்ஸ் அம்மாவின் பாங்க் கணக்குக்கு நேராக வரட்டும், தரகர் கை வழியாக வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று வாங்குபவருக்கு 9 சதவீதம் செலவு இருப்பதால், பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று கேட்பார், தரகரும் ஒத்து ஊதுவார். கையெழுத்துப் போடப்போவது உங்கள் அம்மா, ஒத்துக்கொள்ளாதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். அது அம்மாவின் பான் கணக்கில் வரவாகும், கமிஷனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கமிஷனையும் பாங்க் வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். வீடு விற்ற லாபத்துக்கு வரி கணக்குப் போடும்போது தரகுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். 70,000 கொடுத்தால் 12.5 சதவீத வரி விகிதத்தில் 8,750 ரூபாய் மிச்சம். எங்கள் தரகர் ரொக்கமாகத்தான் கேட்டார். இதைச் சொன்னதும் கடைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு ஜிபே நம்பர் சொல்லச் சொன்னார், ரசீதில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

நாளைக்கு உங்கள் தரகரைப் பார்க்கும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 1 சதவீதம், மூன்று மாதம், வேறு தரகர் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றேகால் என்பார், ஒன்றரை என்பார். ஒன்றேகால் வரை போகலாம் என்பது என் எண்ணம். ஒத்து வந்தால் அங்கேயே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சாவியை அதற்கப்புறம் கொடுங்கள்.