மென்ஷ்விக்குகளை ஆராய விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

முதுகலை வரலாறு முடிக்கவிருக்கும் உங்கள் மகள் ரஷ்யாவில் லெனினின் போல்ஷ்விக்குகளிடம் தோற்ற சோசலிஸ்ட் பிரிவினரான மென்ஷ்விக்குகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதாகவும், தோற்றுப்போன கட்சியைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தலைப்பு நல்ல தலைப்பு. அவர் இன்னும் ரஷ்ய மொழி கற்கத் தொடங்கவில்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது.

1903இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்த ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி மாநாட்டில், உறுப்பினர் யார் என்பதை வரையறுக்கும் விதியில் மென்ஷ்விக் தலைவரான மார்த்தவின் வாசகமே லெனினுடையதை வென்றது. யூதத் தொழிலாளர் அமைப்பான பண்டின் பிரதிநிதிகள் ஐவரும் வேறு இருவரும் வெளியேறிய பிறகே லெனின் அணிக்குப் பெரும்பான்மையும் அதைக் குறிக்கும் போல்ஷ்விக் என்ற பெயரும் கிடைத்தன. சிறுபான்மையினர் என்று பொருள்படும் மென்ஷ்விக் என்ற பெயரை மார்த்தவ் அணி ஏற்றுக்கொண்டது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் ஆய்வுக்குரிய கேள்வி 1917இல்தான் இருக்கிறது. முதலாளித்துவப் புரட்சி நிறைவேறும் முன் சோசலிஸ்டுகள் ஆட்சியில் அமரக் கூடாது என்று நம்பிய மென்ஷ்விக்குகளில் த்செரெத்தெலியும் ஸ்கோபெலெவும், ஜார் ஆட்சி வீழ்ந்தபின் தாராளவாதிகள் அமைத்த இடைக்கால அரசின், மே மாதத்தில் அமைச்சர்களானார்கள். சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சியின் செர்னோவ் வேளாண் அமைச்சரானார். போர் நிற்கவில்லை, நிலப் பங்கீடு அரசியல் நிர்ணய சபை கூடும்வரை தள்ளிப்போனது, மக்களின் சினம் இவர்கள்மீதும் திரும்பியது. மார்த்தவ் கட்சிக்குள் இருந்தபடியே இக்கூட்டணியை எதிர்த்தார். ஆண்டிறுதியில் நடந்த சபைத் தேர்தலில் சோசலிஸ்ட் புரட்சியாளர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடும், போல்ஷ்விக்குகள் கால்பங்கும் பெற, மென்ஷ்விக்குகளுக்கு 3 விழுக்காடு அளவே கிடைத்தது. அதே கட்சி ஜார்ஜியாவில் 1918 முதல் 1921 வரை ஆட்சி நடத்தியது. அதை ஆராய ஜார்ஜிய மொழியும் வேண்டும் என்பதால், மே மாத முடிவு ஒன்றையே உங்கள் மகள் எடுத்துக்கொள்வது நலம்.

மென்ஷ்விக் தலைவர்களின் தாள்கள் ஆம்ஸ்டர்டாமின் சமூக வரலாற்று நிறுவனத்திலும், ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனத்திலும் உள்ளன; பெரும்பாலானவை ரஷ்ய மொழியில் இருப்பதால், மொழி தெரியாமல் அவற்றின் முன் அமர்ந்து பயனில்லை. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி கற்கலாம். ரஷ்ய, மத்திய ஆசிய ஆய்வுகளுக்குத் தனி மையமும் அங்கே உண்டு. யூஜிசி நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் ஆய்வுக் காலச் செலவு உங்கள் தலையில் விழாது. கல்லூரி ஆசிரியர் பணி எளிதில் கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் நன்கு கற்ற ரஷ்ய மொழி, மொழிபெயர்ப்புப் பணிக்கும் வழி திறக்கும்.

த்செரெத்தெலி ஏன் அமைச்சரவையில் சேர்ந்தார் என்று நான்கு பக்கம் எழுதி, அடுத்த சந்திப்புக்குக் கொண்டுவருமாறு உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.