வாளோட திரியிற பெடியள் பிறவியிலயே கெட்டவங்களோ?

கேள்வி: எங்கட பக்கம் வாள்வெட்டு நடந்தால் 'வளர்ப்புச் சரியில்ல' எண்டு சனம் ஒரு வசனத்தில முடிக்குது. காரணம் அதுதானோ? (ஏ.எல் மாணவி, கோண்டாவில்)

பதில்: அப்பிடி முடிக்கேலாது தங்கச்சி. அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேர்ட் மேர்ட்டன் 1938 இலயே சொன்னவர், சமூகம் எல்லாருக்கும் ஒரே ஆசையைக் காட்டுது, ஆனா அதை அடையிற நேர்வழியை எல்லாருக்கும் குடுக்கிறேல்ல, அந்த இடைவெளியில சிலர் குறுக்குவழி தேடுவினம் எண்டு. பக்கத்து வீட்டில வெளிநாட்டுக் காசில வாங்கின புது மோட்டச்சைக்கிள் நிக்குது, இந்தப் பெடியன் ஓ.எல்லோட படிப்பை விட்டு, மேசன் வேலையும் ஒழுங்காக் கிடைக்காமல் சந்தியில நிக்கிறான். ஆனா கஸ்ரப்பட்ட பெடியள் எல்லாரும் வாள் தூக்கேல்லையே? அங்கதான் அமெரிக்கக் குற்றவியலாளர் எட்வின் சதர்லண்ட் சொன்னது பொருந்தும், குற்றம் கூடித் திரியிற ஆக்களிட்டப் பழகிப் படிக்கிற விசயம், செய்யிற விதத்தை மட்டுமில்ல, செய்தால் பிழையில்ல எண்ட நியாயத்தையும் சேர்த்துத்தான் படிக்கிறாங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேற. ஒருக்காப் பிடிபட்டவனை ஊரே 'வாள்வெட்டுக்காரன்' எண்டால் வேலை குடுக்க ஆளில்ல, கலியாணவீட்டுக்கும் சொல்லமாட்டினம், பிறகு அவனைச் சேர்க்கிறது அந்தப் பழைய கூட்டம்தான். இந்த முத்திரை குத்திற விசயத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ஹவார்ட் பெக்கர் 1963 இல விரிவா எழுதினவர். மறியலால வந்த பெடியனுக்கு உங்கட வீட்டாக்கள் கராஜிலயோ கடையிலயோ ஒரு வேலை குடுக்கேலுமெண்டால், குடுக்கச் சொல்லுங்கோ.