'செயல்பாட்டுக் காரணம்' என்றால் என்ன காரணம்?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு டெல்லி, ஆக்ரா போயிருந்தோம். திரும்பும்போது இரவு 9 மணி சென்னை விமானம் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் கிளம்பியது. கேட்டபோதெல்லாம் "செயல்பாட்டுக் காரணம், இன்னும் அரை மணி நேரம்" என்றார்கள். தலைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் வந்தன. தங்க அறை கேட்டால், "குறைந்த கட்டண விமானத்தில் அதெல்லாம் கிடையாது சார்" என்று பதில். விடுமுறைக் கூட்டம் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்த ஊழியர் உங்களிடம் சொன்னது உண்மையல்ல.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி தெளிவாக இருக்கிறது. டெல்லி–சென்னை தூரத்துக்கு, தாமதம் 3 மணி நேரத்தைத் தாண்டினால் உணவு தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறை. உங்களுடையது 9 மணி விமானம், 9 மணி நேரத் தாமதம். அறை உங்களுக்குச் சேர வேண்டியது.

இப்போது அந்த "இன்னும் அரை மணி நேரம்" என்பதைப் பாருங்கள். ஒரேயடியாக "காலை 6 மணிக்குத்தான்" என்று அறிவித்தால் அந்த நிமிடமே பணத்தைத் திருப்பித் தரும் பேச்சும் அறையும் வந்துவிடும். அரை அரை மணியாக நீட்டினால் யாரும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். ஒவ்வொரு விமானத்திலும் இது திட்டமிட்டே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி நீட்டுவதால் லாபம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு நானும் இப்படிக் காத்திருந்தேன். எதிரே ஒரு மூதாட்டி, இன்சுலின் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாததால் ஊசி போடலாமா வேண்டாமா என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சரியான நேரம். அதைச் சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

வானிலை, கலவரம், அரசு உத்தரவு போன்ற அசாதாரணச் சூழலுக்கு விதியில் விலக்கு உண்டு. "செயல்பாட்டுக் காரணம்" அந்தப் பட்டியலில் இல்லை. 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதற்கும் இந்தச் சொல்தான் முதலில் வந்தது. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் புதிய விதிகளை 2024 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். அதற்கேற்ற ஆட்களை நிறுவனம் தயார் செய்யவில்லை. மற்ற நிறுவனங்களின் கட்டணமோ விண்ணை முட்ட, கடைசியில் அரசே தலையிட்டு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

குறைந்த கட்டணம் என்ற சாக்குக்கு உச்ச நீதிமன்றம் 2011-லேயே பதில் சொல்லிவிட்டது. 2007 டிசம்பரில் டெல்லி மூடுபனியில் சிக்கிய ஹைதராபாத் விமானம் பற்றிய வழக்கு அது. பனிக்கு நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால் காத்திருக்கும் பயணிக்கு உணவு, குடிநீர், கழிப்பறை வசதி செய்து தருவது அதன் கடமை. மலிவு டிக்கெட் விற்றேன் என்று அதிலிருந்து தப்ப முடியாது என்றார்கள் நீதிபதிகள். அந்த வழக்கில் நிறுவனம் உணவும் தண்ணீரும் கொடுத்திருந்தது, அதனால் பிழைத்தது.

நம் விதியில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விமானம் ரத்தானால் இழப்பீடு உண்டு. எத்தனை மணி நேரம் தாமதமானாலும் ரொக்க இழப்பீடு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தவறு நிறுவனத்தின் பக்கம் இருக்கும்போது, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை தர வேண்டும். இங்கே உங்கள் இரவுக்கு விலை ஒரு பிஸ்கட் பாக்கெட். டிஜிசிஏ இதை மாற்றாதவரை அந்த அரை மணி நேரங்கள் நீண்டுகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். அதோடு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் பதிவு செய்யுங்கள். பதில் சரியில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் வழக்குக் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதுவரை போர்டிங் பாஸ்களையும், தாமதம் பற்றி உங்கள் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். அரை மணிக்கு ஒன்றாக வந்த அந்தச் செய்திகள்தான் உங்கள் முதல் சாட்சி.