குட்டி யானை காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. ஹீட்டர் பிளக் எங்கே இருக்கும், போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

ஊட்டிப் பக்கம் ஓடும் பழைய குட்டி யானை (டாடா ஏஸ்), பேட்டரி புதிது, காலையில் மட்டும் பிடிப்பதில்லை, மதியம் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிரில் எஞ்சின் பிடிக்க உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்மேல் நீங்கள் சந்தேகப்படுவது சரிதான்.

எங்களுடையதும் அதே வண்டி. கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறோம். கழுவிய மூட்டைகள் பின்னால் சொட்டிக்கொண்டிருக்க, பனியில் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி ஓயும்போது வயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சைலன்சரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. டீசல் ஃபில்டர், ஏர் லாக் (டீசல் பைப்பில் காற்று அடைப்பது) பக்கம் போங்கள், பிளக்கைத் தொடவே வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஒற்றைக் காலில் நொண்டுவதுபோல் வண்டி உதறி, கொஞ்ச நேரத்தில் சரியானால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பிளக் செத்திருக்கும்.

இது 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின். டீசல் நேராக பிஸ்டன்மேல் விழாமல், சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறை ஒன்றில் தெளிக்கப்படும். அழுத்தத்தில் சூடேறும் காற்றின் சூட்டை அந்த அறையின் குளிர்ந்த சுவர் உறிஞ்சிவிடும். அதனால்தான் பிளக்கின் நுனி அதற்குள் நீட்டிக்கொண்டு சிவக்கக் காய்கிறது.

சீட்டைத் தூக்கினால் எஞ்சின். டீசல் பம்பிலிருந்து வரும் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொண்டே போனால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரும். அதன் அருகிலேயே ஹெட்டில் திருகியிருப்பதுதான் ஹீட்டர் பிளக்: கிட்டத்தட்ட பென்சில் தடிமன், தலையில் சின்ன நட்டு. இரண்டு பிளக்குகளையும் ஒரு தகடோ வயரோ இணைத்திருக்கும். (பெரிய லாரிகள் பலவற்றில் இது கிடையவே கிடையாது. அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.)

இப்போது முக்கியமான விஷயம். அந்த இணைப்பைக் கழற்றாமல் சோதிக்காதீர்கள். எங்கள் வண்டியில் இரண்டு பேர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "பிளக் நல்லா இருக்கு" என்றார்கள். அதை நம்பி நான் பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டரையும் பிரித்தேன். கோத்தகிரியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர், ஒன்றும் பேசாமல் அந்தத் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டார். முதலாவதில் பல்பு எரிந்தது. இரண்டாவதில் எரியவில்லை. தகடு இருக்கும்வரை நல்ல பிளக் வழியாகவே ரீடிங் வந்துவிடும். செத்தது அதன் பின்னால் மறைந்துகொள்ளும்.

மீட்டர் இருந்தால், பிளக் தலைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். ஒரு ஓம் சுமாருக்கு வந்தால் நல்லது, ரீடிங்கே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இரண்டும் நன்றாக இருந்தால், தகட்டைத் திரும்ப மாட்டி, சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து பிளக் தலையில் வோல்டேஜ் பாருங்கள். 11 வோல்ட்டாவது வரவேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே (பிளக்குக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), பச்சை பிடித்த டெர்மினல் என்று பின்னோக்கிப் போங்கள்.

கழற்றும்போது அவசரம் கூடாது. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அளவான டீப் சாக்கெட் போட்டு, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பிளக் உள்ளே ஒடிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். புதியதைக் கையாலேயே முக்கால்வாசி திருகிவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனர்.

சிலர் அவசரத்துக்கு ஏர் ஃபில்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பார்கள். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிவந்த நுனியில் பட்டால் நேரம் தப்பி வெடிக்கும், பிஸ்டனே உடையலாம்.

அப்புறம், கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கிப் போடுவதற்குமுன் நுனியைப் பாருங்கள். வெறும் கரி என்றால் வயதாகிப் போனது, அவ்வளவுதான். நுனி வீங்கியிருந்தாலோ உருகியிருந்தாலோ ரிலே ஒட்டிக்கொண்டு தொடர்ந்து கரண்ட் கொடுக்கிறது, இல்லையென்றால் இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை. அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளக் போட்டால், அதுவும் சீக்கிரம் போய்விடும்.